பதில் வராத ஏழாம் எண்

போன மாதம் ஒரு பிற்பகல், நான் கடைசியாக வேலை பார்த்த ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் காலத்துச் சர்வர் புரோகிராமை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுகிறார்களாம். பழையதை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தவருக்கு ஓரிடத்தில் சந்தேகம்.

"மேடம், தொட்டியில ஊத்துற கட்டளை இருக்குல்ல, ஏழாம் நம்பர். அதுக்கு பேட்ச் நம்பர் எதுக்கு, மொத்த அளவு எதுக்கு? இன்னொரு அளவு ஊத்துன்னு சொன்னா முடிஞ்சிடுமே. இத எடுத்துடவா?"

"எடுக்காதீங்க!" என்றேன்.

நான் கத்தியதில் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்துவிட்டார். அந்தப் பிள்ளையும் பயந்துபோய், "சரிங்க மேடம், எடுக்கல. ஏன்னு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. புதுசா வந்தவங்க எல்லாரும் படிச்சிக்கிறோம்" என்றார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்தது ஸ்ரீமுஷ்ணம் பக்கம். நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற குடும்பம். சிதம்பரத்தில் கணிதம் படித்தேன், அங்கேயே சி என்ற கணினி மொழியும் கற்றேன், அங்கேயே வாழ்க்கைப்பட்டேன். சில அலுவலகங்களில் சம்பளக் கணக்குப் புரோகிராம்கள் எழுதிவிட்டு, 2004-இல் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். 2012-இல் ஓய்வு பெறும்வரை சிதம்பரத்திலிருந்து பேருந்தில் போய் வந்தேன். கடலூருக்குக் கொஞ்சம் தெற்கே, சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது தொழிற்சாலை. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மீனவர் குடியிருப்பு, அதைத் தாண்டினால் கடல்.

சம்பளக் கணக்கில் தவறு வந்தால் யாராவது வந்து சண்டை போடுவார்கள். இங்கே தவறு வந்தால் என்ன வரும் என்பதை முதல் நாளே காட்டிவிட்டார்கள். ரசாயனங்களைக் கலந்து சூடேற்றுகிற, ஓர் ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு உயரமுள்ள மூடிய எஃகுத் தொட்டி. அதற்கு ரியாக்டர் என்று பெயர்; ஒரு முறை நிரப்பிக் கலந்து எடுப்பது ஒரு பேட்ச். மேலே ஒரு சின்னத் தொட்டியிலிருந்து இன்னொரு திரவத்தை அளவளவாக உள்ளே ஊற்ற வேண்டும். ஒவ்வொரு அளவு விழும்போதும் உள்ளே சூடு ஏறும். சுற்றிலும் ஓடுகிற குளிர்நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அடுத்த அளவுக்கு முன் சூடு இறங்க வேண்டும். இறங்காமல் மேலும் மேலும் ஊற்றினால் பொங்கும். மூச்சை அடைக்கிற புகை கிளம்பும். "அப்ப நாம எல்லாம் இருக்க மாட்டோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் காட்டியவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வேலைகளைச் செய்தது அலுவலகக் கட்டடத்தில் ஓர் அறையில் இருந்த சர்வர். தொட்டியின் பக்கம் இருந்த கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர் தன் கணினியில் ஒரு பொத்தானை அமுக்குவார். அந்தக் கட்டளை கேபிள் வழியே எங்கள் சர்வருக்கு வரும். இதற்கு ஆர்.பி.சி. என்று பெயர்: ஒரு கணினியில் இருக்கிற புரோகிராம், வேறொரு கணினியில் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக எழுதி வைத்திருக்கிற ஃபங்ஷனைத் தன் வீட்டுக்குள் இருப்பதைப் போலக் கூப்பிடுவது. சர்வர் பக்கம் எழுதுகிறவருக்கு வேலை எளிது. புரோகிராம் தொடங்கும்போது தன் எண்ணைப் பதிவு செய்துகொள்ளும். பிறகு, நூலகம் என்று நாங்கள் சொல்லும் பொதுப் புரோகிராம் தொகுப்பில் உள்ள ஒரு முடிவில்லாத சுற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அழைப்பு வந்தால், அதிலுள்ள எண்ணைப் பார்த்து உரிய ஃபங்ஷனுக்கு அனுப்பும். வேலை முடிந்ததும் பதில் அனுப்பும். மூன்றாம் எண் என்றால் வெப்பநிலை சொல்ல வேண்டும். ஐந்து என்றால் குளிர்நீர் பம்ப். ஏழு என்றால் ஓர் அளவு ஊற்ற வேண்டும். பூஜ்யம் என்று ஓர் எண்ணும் உண்டு; அதற்கு வேலையே கிடையாது. "இருக்கிறாயா?" என்று கேட்டால் "இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லும்.

இதில் இரண்டு விஷயங்களை இளையவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, எங்கள் சர்வர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். ஒன்று முடியும்வரை மற்றவை வாசலில் நிற்கும். இரண்டு, பதில் வரத் தாமதமானால், கேட்கிற பக்கத்து நூலகம் அதே கேள்வியைச் சில நொடிகளுக்கு ஒருமுறை தானாகவே மறுபடி அனுப்பும்; ஒரு கட்டத்தில் 'பதில் இல்லை' என்று சொல்லிக் கைவிடும். கேள்வி வழியில் தொலைந்ததா, பதில் தொலைந்ததா, அங்கே ஆள் வேலையாக இருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. கடைக்காரரிடம் போனில் ஒரு மூட்டை அரிசி அனுப்பச் சொல்லி, அவர் "சரி" என்றது காதில் விழாமல் மறுபடி சொன்னால், இரண்டு மூட்டை வந்து இறங்கும் அல்லவா? அப்படி.

இந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்த ஒப்பந்தக்காரர்கள் எனக்கு முன்பே போய்விட்டார்கள். எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரும் ஒரு விபத்துக்குப் பிறகு போய்விட்டார். பேட்ச் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறார். முறையாக நிறுத்தினால் அது போகிற போக்கில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகும். குளிர்நீர் பம்பையும் சேர்த்து. உள்ளே இருந்தது தாராக இறுகிவிட்டது. புகை வராதது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து, பேட்ச் ஓடும்போது சர்வரை நிறுத்தக் கூடாது என்பது சட்டம். சட்டத்தைப் போட்டவர் ராசேந்திரன் சார்.

அவர்தான் எனக்கு மேலதிகாரி. வடலூர்க்காரர், ரசாயனப் பொறியாளர். அவருக்கு சி தெரியாது; தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதும் இல்லை. புரோகிராமில் ஒரு வரியை மாற்றுவதானாலும் அவர் அறைக்குப் போய் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் பேச மாட்டார். முடித்ததும், "பதில் வரலன்னா?" என்பார். அந்தக் குரலில் கோபம் இருக்காது. சொல்லத் தெரியாவிட்டால், "கொஞ்சம் யோசிச்சிட்டு வாங்க" என்பார். யாரையும் அவர் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. வேகமாக நடந்தும் பார்த்ததில்லை. ரசாயனம் இருக்கிற இடத்தில் ஒருவர் ஓடினால் பத்து பேர் ஓடுவார்கள் என்பார்.

அவரிடம் மாற்றங்களைத்தான் சொன்னோம். ஏழாம் எண்ணை யாரும் மாற்றவில்லை. அது ஒழுங்காக ஊற்றிக்கொண்டிருந்தது. அதனால் யாரும் அதை அவரிடம் வாசித்துக் காட்டவும் இல்லை.

நான் சேர்ந்த வருடக் கடைசியில்தான் சுனாமி வந்தது. எங்கள் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் சஞ்சீவி என்ற டெக்னீஷியன் இருந்தார். பின்சுவருக்கு அந்தப் பக்கத்து மீனவர் குடும்பம். படித்து இந்த வேலைக்கு வந்தவர். அவர் வீடும் போய்விட்டது, அவர் அண்ணன் மகளும் போய்விட்டாள். பல நாள் கழித்து வேலைக்கு வந்தவர், சர்வர் அறையில் ஒரு வயரைச் சரிபார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

"கடல் வந்தப்ப எல்லாரும் இந்த ஃபேக்டரி பக்கமாத்தாங்கா ஓடியாந்தோம். மதில் ஏறிக் குதிச்சோம். இங்க ஏதாவது ஆச்சின்னா எங்கக்கா ஓடுறது? கடலுக்கா?"

அதன் பிறகு தினமும் பேருந்தை விட்டு இறங்கியதும் நான் முதலில் மூக்கால் காற்றைப் பார்ப்பேன். ஏதாவது வாடை வந்தால் கால் தயங்கும்.

அது நடந்தது மூன்று வருடம் கழித்து, மழைக்காலம் முடிந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். கட்டுப்பாட்டு அறையிலிருந்து இன்டர்காம் வந்தது. ஆபரேட்டர் கலியபெருமாள். நல்ல அனுபவசாலி, பதற்றப்படாத மனிதர்.

"மேடம், ஸ்கிரீன்ல டெம்பரேச்சர் நின்னு போச்சு. ரொம்ப நேரமா ஒரே நம்பர் காட்டுது."

"தொட்டி எப்படி இருக்கு?"

"தொட்டி நல்லாருக்குது. பக்கத்துல முள்ளு மீட்டர் இருக்கே, அதுல பாத்துட்டேன். சூடு எறங்கிடுச்சு. கூலிங் ஓடுது. வயரு தான் எங்கியோ லூசு. சஞ்சீவிகிட்ட சொல்லிட்டேன், போயிருக்கான்."

கடற்காற்று வயர்களின் முனையைத் தின்பது அங்கே வாடிக்கை. நான் சரி என்று வைத்துவிட்டு, என் பக்கம் பார்க்கலாமே என்று சர்வரிடம் பூஜ்யத்தைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை.

சர்வர் சாகவில்லை, மாட்டிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. வெப்பமானியிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திரு என்று ஒப்பந்தக்காரர்கள் எழுதியிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. வயர் விட்டுப்போன வெப்பமானியிடமிருந்து எப்படிப் பதில் வரும்? அது அப்படியே நின்றுகொண்டிருந்தது. சஞ்சீவி வயரை முடுக்கிவிட்டால் எழுந்துகொள்ளும், பரவாயில்லை என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஏனோ, வாசலில் எத்தனை அழைப்புகள் நிற்கின்றன என்று பார்க்கும் கட்டளையைத் தட்டினேன். சாதாரணமாக அந்த இடத்தில் பூஜ்யம்தான் இருக்கும். அன்று ஒரு பெரிய எண் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் பெரிதானது.

இன்டர்காமை எடுத்தேன். "கலியபெருமாள், ஊத்துற பட்டன அமுக்குனீங்களா?"

"ஆமாம் மேடம். சூடு எறங்கிடுச்சேன்னு அமுக்குனேன். பதில் இல்லன்னு வந்துது. திரும்ப அமுக்குனேன். நாலஞ்சு தடவ அமுக்கிட்டேன், ஒண்ணும் ஆவல."

"இப்ப அமுக்குனீங்களா?"

"இதோ, இப்பக்கூட."

"கைய எடுங்க. பட்டனத் தொடவே தொடாதீங்க."

அவர் ஒவ்வொரு முறை அமுக்கியபோதும், பதில் வராததால் அவர் கணினி அதையே பல முறை அனுப்பியிருக்கிறது. அத்தனையும் 'ஊற்று', 'ஊற்று' என்று வாசலில் நிற்கின்றன. சர்வர் எழுந்தால் ஒன்றையும் விடாமல் வரிசையாகச் செய்யும். சூடு இறங்கியதா என்று பார்ப்பது மனிதர்களின் வேலை. ஏழாம் எண் பார்க்காது. சர்வரை எழுப்பப் போகிறவர் சஞ்சீவி. அவர் நிற்பது அந்தத் தொட்டியின் தலைக்கு மேல்.

"சஞ்சீவி எங்க?"

"மேல ஏறிட்டானே மேடம்."

தொட்டியின் மேடையில் ஓர் இன்டர்காம் உண்டு. அதைக் கூப்பிட்டேன். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. முகமூடியும் காதடைப்பானும் போட்டுக்கொண்டு இரைச்சலில் நிற்கிறவருக்கு அது எப்படிக் கேட்கும்?

ராசேந்திரன் சார் அறை எதிரில்தான். உள்ளே போய் என்ன சொன்னேன் என்று இன்று நினைவில்லை. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

"நிறுத்தணுமா?" என்றார்.

"முறையா நிறுத்துனா கூலிங் போயிடும் சார். வேற மாதிரி நிறுத்தலாம். அதுக்கு ஒண்ணும் செய்ய அவகாசம் குடுக்காம வெட்டிடறது. அப்ப பம்பு, வால்வு எல்லாம் அந்த நேரத்துல எப்படி இருக்கோ அப்படியே நின்னுடும்."

"வால்வு தொறந்திருந்தா?"

"தொறந்தே நின்னுடும்."

மேலே கையால் மூடும் வால்வு ஒன்று இருந்தது. துருப்பிடித்து, இரண்டு பேர் கம்பி போட்டுத் திருப்ப வேண்டிய நிலையில் இருந்தது. அது இருவருக்குமே தெரியும்.

"வால்வு இப்ப மூடியிருக்கா?"

"மூடித்தான் இருக்கணும் சார். ஆனா இங்கருந்து தெரியாது. சர்வர் மாட்டிக்கிட்டதால எந்த ஸ்கிரீன்லயும் தெரியாது."

"நான் போய்ப் பாத்து சொல்றேன். நான் சொல்ற வரைக்கும் அடிக்காதீங்க."

வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். ராசேந்திரன் சார் ஓடிக்கொண்டிருந்தார்.

நான் சர்வர் முன் உட்கார்ந்து, வெட்டும் கட்டளையை முழுதாகத் தட்டி வைத்தேன். என்டர் மட்டும் பாக்கி. விரலை அதன்மேல் வைக்கப் பயந்து மடியில் வைத்துக்கொண்டேன். இன்னொரு திரையில் வாசலில் நிற்பவற்றின் எண். அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குறைந்தால் சஞ்சீவி வயரை முடுக்கிவிட்டார் என்று அர்த்தம். குறையத் தொடங்கிய பிறகு வெட்டினால் வால்வு திறந்தபடி நின்றுவிடலாம். வெட்டாவிட்டால் எல்லாம் உள்ளே போய்விடும்.

தொட்டி இருக்கும் இடம் ஜன்னலிலிருந்து தெரியாது. பின்சுவர் தெரியும். சுவருக்கு அப்பால் ஒரு கூரைமேல் யாரோ கருவாடு காயப் போட்டிருந்தார்கள். ஒரு பெண் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. சிதம்பரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பப்போகும் என் மகளை நினைத்தேன். எழுந்து ஓடிவிடலாம் என்றும் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. சாலைக்குப் போனால் ஏதாவது ஒரு பேருந்து வரும்.

இன்டர்காம் அடிக்கவில்லை. இந்நேரம் அவர் மேலே போயிருக்க வேண்டும். படியில் விழுந்துவிட்டாரா? சஞ்சீவியிடம் பேசிக்கொண்டிருக்கிறாரா? நேரம் போகப் போக, அவர் இனி அழைக்கவே மாட்டார் என்று தோன்றத் தொடங்கியது.

அடித்தது.

"மூடியிருக்கு" என்றார். மூச்சு இரைத்தது. "அடிங்க."

அடித்தேன். சர்வர் போயிற்று. வாசலில் நின்ற அத்தனை அழைப்புகளும் அதோடு போயின. அந்த வரியே திரையிலிருந்து மறைந்துவிட்டது. "கூலிங் ஓடுதா சார்?" என்று கேட்டேன்.

"ஓடுது" என்றார்.

மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை.

மீதி பேட்சைக் கையால் ஓட்டி முடித்தார்கள். சாயங்காலம் ராசேந்திரன் சார் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். டீ வந்தது, இருவரும் குடிக்கவில்லை. நான் கேட்காமலே சொன்னார்.

"மேல போய் சஞ்சீவி கையப் புடிச்சி இழுத்துட்டேன். ஸ்குரூல பாதி முடுக்கியிருந்தாரு. இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தா தொட்டிருக்கும். அதுவே எப்ப வேணா தானாத் தொட்டுக்கும் போலத்தான் ஆடிக்கிட்டிருந்துது. வால்வுல தொறந்திருக்கா மூடியிருக்கான்னு காட்டுற தகடு இருக்கில்ல, அது அரிச்சிப் போயி ஒண்ணுமே தெரியல. அதனால குழாய்ல கைய வச்சிப் பாத்தேன். உள்ள ஓடுனா குழாய் அதிரும். அதிர்ற மாதிரிதான் இருந்துது." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம் பாத்தா அதிர்றது என் கை. குழாயா கையான்னு பிரிச்சிப் பாக்கத்தான் அவ்ளோ நேரமாச்சு."

அவரும் பயந்தார் என்று தெரிந்ததும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மாறாக, அப்போதுதான் நான் நிஜமாகப் பயந்தேன். இரவெல்லாம் குழாய்கள் கனவில் வந்தன.

மறுநாள் எங்கள் ஜெனரல் மேனேஜரிடம் போனோம். ஏழாம் எண்ணை மாற்றி எழுதும்வரை தொட்டியை நிறுத்தி வைக்க வேண்டும் என்றார் ராசேந்திரன் சார். ஜி.எம். கெட்டவர் அல்லர். ஆனால் ஒன்றும் நடக்காத ஒரு விபத்தை அவரால் நம்ப முடியவில்லை.

"வயர் லூசாச்சு, சரி பண்ணியாச்சு. இதுக்கு எதுக்கு ப்ளான்ட்ட நிறுத்தணும்? ஆபரேட்டர ரெண்டாவது தடவ அமுக்காதன்னு சொல்லிடுங்க."

"அவர் ஒரு தடவ அமுக்கியிருந்தாலும் மெஷின் பல தடவ கேட்டிருக்கும் சார்" என்றேன்.

"நீங்க கற்பனை ஜாஸ்தி பண்றீங்கம்மா."

ராசேந்திரன் சார் எழுந்தார். "தொட்டியக் கழுவித்தான் வச்சிருக்கோம். தண்ணியில செஞ்சி காட்டறோம் சார். நீங்க மேல வந்து நின்னாப் போதும்."

அன்று பிற்பகல் தொட்டியின் மேடையில் எல்லாரும் நின்றோம். முந்தின நாள் எந்த மட்டத்தில் ரசாயனம் இருந்ததோ அந்த மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி, தொட்டியின் வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். மேல் தொட்டியிலும் தண்ணீர்தான். சஞ்சீவி வெப்பமானி வயரைக் கழற்றினார். கீழே கலியபெருமாள் நேற்று அமுக்கியதைப் போலவே சிலமுறை பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தீங்களா" என்றார் ஜி.எம்.

"கொஞ்சம் இருங்க சார்." ராசேந்திரன் சார் கலியபெருமாளை மேலே வரச் சொன்னார். அவர் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு எங்களோடு நின்றார். கட்டுப்பாட்டு அறையில் யாரும் இல்லை. "சஞ்சீவி, முடுக்குங்க."

சஞ்சீவி ஸ்குரூவை முடுக்கினார். 'டக்' என்று வால்வு திறந்தது. தண்ணீர் விழுந்தது. மூடியது. ஜி.எம். தலையாட்டினார். மறுபடி 'டக்'. தண்ணீர். மூடியது. மறுபடி. ஜி.எம். திரும்பிக் கலியபெருமாளின் கைகளைப் பார்த்தார். மறுபடி. தண்ணீர் தொட்டியின் வாயருகே வந்தது. மறுபடி. விளிம்பில் தளும்பி மேடையில் வழிந்து, எங்கள் செருப்புகளை நனைத்து, படிகளில் இறங்கியது.

"போதும், நிறுத்துங்க" என்றார் ஜி.எம்.

"யாரை நிறுத்தச் சொல்றது சார்? அமுக்குற ஆளு நம்மகூடத்தான் நிக்கிறாரு."

'டக்' என்றது வால்வு.

கலியபெருமாள் அப்படியே அந்தத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். "நா இன்னா காரியம் பண்ண இருந்தேன்" என்று முணுமுணுத்தார். அவர் செய்தது ஒன்றும் தவறில்லை என்று அவரை நம்பவைக்க எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின. சஞ்சீவி கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு அப்பால், தன் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

தொட்டியை நிறுத்தி வைத்தார்கள். நான் எழுதினேன். ஒரே அழைப்பு மறுபடி வந்தால், வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே கொடுக்கிற ஒரு வசதி அந்த நூலகத்திலேயே உண்டு. அதைப் போட்டேன். ஆனால் அது போதாது. ஆபரேட்டர் பயந்துபோய் இரண்டாவது முறை அமுக்கினால் அது புது அழைப்பு. நூலகத்துக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் கட்டளையின் பொருளையே மாற்றினேன். 'இன்னும் ஓர் அளவு ஊற்று' என்பது போய், 'இந்த பேட்சில் மொத்தம் இவ்வளவு ஆகட்டும்' என்று ஆயிற்று. ஏற்கெனவே அவ்வளவு இருந்தால், எத்தனை முறை கேட்டாலும், 'ஆகிவிட்டது' என்று மட்டும் பதில் போகும். பழைய பேட்சின் அழைப்பு தாமதமாக வந்து சேர்ந்தால் அதைத் திருப்பி அனுப்பிவிடும். வெப்பமானிக்காகக் காத்திருப்பதற்கும் ஒரு கெடு வைத்தேன். ஒவ்வொன்றையும் ராசேந்திரன் சாரிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "பதில் வரலன்னா?" என்றார். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

தண்ணீரில் பலமுறை சோதித்தோம். பிறகு நிஜ ரசாயனத்தோடு முதல் பேட்ச் ஓட்டும் நாள் வந்தது. நான் சர்வர் அறையில் இருக்க வேண்டியவள். மேடையில் நிற்கிறேன் என்று கேட்டேன். ராசேந்திரன் சார் யோசித்துவிட்டு, முகமூடியை எடுத்துக் கொடுத்தார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தச் செங்குத்துப் படியில் ஏறினேன். சஞ்சீவி ஏற்கெனவே மேலே இருந்தார். என்னைப் பார்த்ததும் முகமூடியைத் தூக்கினார்.

"நீங்க எதுக்குக்கா இங்க?"

"எழுதுனது நான். நீ மட்டும் நிப்பியா?"

அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

முதல் அளவு விழுந்தது. சூடு ஏறி இறங்கியது. அடுத்த அளவின்போது, பேசிவைத்தபடி, சஞ்சீவி வயரைக் கழற்றினார். கீழே கலியபெருமாள் அமுக்கினார், அமுக்கினார், அமுக்கினார். புதுக் கெடுவையும் அன்று நாங்கள் வேண்டுமென்றே எடுத்திருந்தோம். அழைப்புகள் எல்லாம் வாசலில் நிறைய வேண்டும் என்பதற்காக. காலுக்குக் கீழே தொட்டி சூடாக இருந்தது. செருப்பு வழியே தெரிந்தது.

"முடுக்கட்டுமாக்கா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனாலும் சரி என்று தலையை ஆட்டினேன்.

முடுக்கினார். 'டக்.' திரவம் இறங்கும் சத்தம் குழாயில் ஓடியது. மூடியது.

இருவரும் வால்வையே பார்த்துக்கொண்டு நின்றோம். என் காதில் என் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு கடல்காகம் மேலே சுற்றிவிட்டுப் போயிற்று. வால்வு அசையவில்லை. இன்னும் நின்றோம். அசையவில்லை. கீழிருந்து ராசேந்திரன் சார் கையைத் தூக்கிக் காட்டினார்.

"அவ்ளோதானா?" என்றார் சஞ்சீவி.

"அவ்ளோதான்."

இறங்கலாம் என்று படிக்கு வந்தேன். ஒரு கால் மேடையில் இருக்க, மறு காலைக் கீழே வைக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்த கையும் பிரியவில்லை. சஞ்சீவி பார்த்தார். என்னைத் தாண்டிப் போய், எனக்குக் கீழே இரண்டு படி இறங்கி நின்றுகொண்டார்.

"என்னப் பாக்காதீங்கக்கா, நேரா பாருங்க. வலது கால எடுங்க. இன்னும் கீழ. அதான், அங்க படி இருக்கு, வைங்க. இப்ப இடது கால்."

அப்படியே ஒவ்வொரு படியாக என்னைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மண்ணில் கால் பட்டதும் முகமூடியைக் கழற்றினேன். அவரும் கழற்றினார். அவர் முகமெல்லாம் வேர்வை.

"ஏறும்போது நல்லாத்தானக்கா ஏறுனீங்க?" என்றார்.